காலைப் பொட்டலம்

பேருந்து நிலையத்தின் நடுவில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக், நேரம் எழுதிய அட்டை, ஒரு மின்விசிறி. அறிவிப்புச் செய்யும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும். மறந்துபோனால் நிலையம் முழுக்க அதன் கடகடப்புதான் கேட்கும். அந்த அறையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த நிலைய மேலாளரும் அப்படியே கூப்பிட்டார், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து பையைத் தேடுவான். குரல் அப்படி. ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை ஒல்லி.

அவள் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: பொட்டலம். மேஜை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் பலகை பலகையாகச் செய்து பெட்டியில் அனுப்புகிற தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வாங்கியவர்கள் வீட்டில் பலகைகளைச் சேர்த்து முடுக்கிக்கொள்ள வேண்டிய ஸ்குரூ, நட்டு, வாஷர், முடுக்கும் சின்ன சாவி எல்லாவற்றையும் எண்ணி, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே தேதி எழுத வேண்டும். சேர்க்கும் வேலையில் எந்தப் படிக்கு எந்தச் சாமான் வேண்டுமோ அது மொத்தமும் ஒரே கவரில் இருக்க வேண்டும். முதல் படிக்கு ஒரு கவர், இரண்டாம் படிக்கு ஒரு கவர். பதினோரு வருஷத்தில் ஒரு வாஷர் குறைந்தது என்று அவன் பெயரில் ஒரு புகார் வந்ததில்லை. கேலிக்கு வைத்த பெயரை அவன் விருதுபோல வைத்துக்கொண்டான். கடையில் வாங்கி வந்த தைக்கும் ஊசியைக்கூட எண்ணிப் பார்க்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. இரண்டாம் மாத ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எண் எட்டு என்று வந்தது. டாக்டரம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"தைராய்டு கொஞ்சம் மந்தமா இருக்கு, அதான் எண் ஏறியிருக்கு. மூணுக்குள்ள வரணும். குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு ஆரம்பத்துல அந்தச் சுரப்பு உங்ககிட்ட இருந்துதான் போகணும். மாத்திரைய விடாம போடுங்க."

விடாமல் போட்டாள். காலையில் எழுந்து பல் தேய்த்ததும் தண்ணீரில் விழுங்கிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பாள். அடுத்த பரிசோதனையில் எண் மூன்றுக்கு இறங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

நாலாம் மாதம் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தன. சீட்டில் மூன்றுக்கும் எதிரே ஒரே மாதிரி எழுதியிருந்தது: காலை, ஒன்று. பொட்டலம் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த வேலை ஒன்று கடைசியில் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டதே என்ற சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையைத் துடைத்து, தட்டுகளை வரிசையாக வைத்து, ஒரு வாரத்துக்கான ஏழு கவர்களில் மூன்று மூன்று மாத்திரைகளாகப் போட்டு, தேதி எழுதி மூடினான்.

"இனி உனக்கு எதையும் ஞாபகம் வச்சுக்கற வேலை இல்ல. ஒரு கவரை உடைக்கிற, வாயில போடற, போயிட்டே இருக்க" என்றான்.

மாமியார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். "வெறும் வயித்துல மூணு மாத்திரையா? குடல் வெந்துடும். பாலைக் குடிச்சுட்டுப் போடு." ஆகவே காலையில் ஒரு டம்ளர் பால், அதன் பின்னால் மாத்திரைப் பொட்டலம். யாராவது குறை சொல்ல முடியுமா? ஒரு வீடே ஒரு வயிற்றைச் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தது.

ஐந்தாம் மாதம் எண் பதினான்கு.

"மாத்திரை போடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"போடறேன் டாக்டர்."

"தவறாம?"

"ஒரு நாள்கூட விடல."

டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினாள். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். ஆறாம் மாதம் எண் இருபத்தொன்பது. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். இந்த முறை டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவளைப் பார்க்கும் பார்வை அது. அளவு இன்னும் கூடியது. போடுகிறாயா என்று எத்தனை முறை கேட்டார்கள், எப்படிப் போடுகிறாய் என்று ஒரு வாய் கேட்டிருக்கக் கூடாதா? அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுக்கா பஞ்சம், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதற்குள் அவள் உடம்பு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டிருந்தது. வெயிலில்கூடக் குளிரெடுத்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. முகம் ஊதியிருந்தது, பிள்ளைத்தாய்ச்சி பூரித்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குரலில் சரளைக்கல் விழுந்தது. ஒருநாள் "நான்காம் எண் நடைமேடை" என்று சொல்ல வாயெடுத்து, நான்குக்கு அடுத்த வார்த்தை வராமல் மைக் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விசிறியை நிறுத்தவும் மறந்திருந்தாள். நிலையம் முழுக்கக் கடகடவென்று கேட்டது. ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வது.

ஏழாம் மாதம் பிறந்து நாலாம் நாள், வயிற்றில் அசைவு இல்லை என்று போனாள். ஸ்கேன் எடுக்கிற பெண் முதலில் ஏதோ வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கருவியை வயிற்றில் இரண்டு முறை நகர்த்தினாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

இறந்த பிள்ளையையும் வலித்துத்தான் பெற வேண்டும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. பெண் குழந்தை. விரல்கள் பத்தும் சரியாக இருந்தன. பொட்டலம் அதைக் கையில் வாங்கி, அழாமல், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை தொட்டுக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. உடம்புக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. ஜாக்கெட் நனைந்து, படுக்கை நனைந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதைவிடக் கொடுமையான எதையும் யாரும் அவளுக்கு அதற்கப்புறம் செய்ய முடியாது என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மாமியார் வாயைத் திறந்தாள். அவளும் பொல்லாதவள் இல்லை. பேரப்பிள்ளைக்கென்று பழைய பருத்திப் புடவை இரண்டைக் கிழித்து மடித்து வைத்திருந்தவள். துக்கம் எங்காவது ஓர் இடத்தில் இறங்க வேண்டும் அல்லவா, மருமகள் தலைதான் பக்கத்தில் இருந்தது.

"மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா அது ஏன் ஏறப்போகுது? டாக்டரம்மாவே மூணு தடவ கேட்டாங்கல்ல. சும்மாவா கேப்பாங்க?"

பொட்டலம் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். தொழிற்சாலையில் புகார் வந்தால் காட்டுவதற்கென்று சீட்டுகளை ஆறு மாதம் பத்திரப்படுத்துவார்கள். அதே பழக்கத்தில் அவன் காலி மாத்திரைக் கவர்களையும் வைத்திருந்தான். டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தான். தேதி எழுதிய காலிக் கவர்கள் விழுந்தன.

"தொண்ணூத்தி மூணு. எண்ணிப் பாரும்மா. ஒரு தேதி விட்டுப்போச்சா பாரு. இனிமே இந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காத."

மாமியார் எண்ணவில்லை. வாயை மூடிக்கொண்டாள். மைக்கக்கா சுவரோரம் நின்று அவனைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவனை அவள் அவ்வளவு நேசித்ததில்லை. ஊரே திரண்டு வந்து குற்றம் சொன்னாலும் இவன் டப்பாவைக் கவிழ்ப்பான் என்று இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி எழுந்து நடமாடினாள்.

நடமாடினாள், அவ்வளவுதான். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்பையும் கால்சியத்தையும் தொடரச் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஞாயிறுதோறும் ஏழு கவர்கள் வந்துகொண்டே இருந்தன. எண் நாற்பதைத் தாண்டியது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளையை இழந்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எது துக்கம், எது நோய் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மைக்கக்கா, ஜனங்க குரல் புரியலன்னு சொல்றாங்க. கொஞ்ச நாள் பாஸ் பிரிவுல உட்காருங்களேன்."

கண்ணாடி அறைக்கு வேறொரு பெண் வந்தாள். பாஸ் பிரிவில் மைக்கக்கா பயண அட்டைகளில் முத்திரை குத்தினாள். அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளை போன நாலாம் மாதம் தொழிற்சாலையில் வருஷாந்தர இருப்புக் கணக்கெடுப்பு வந்தது. பொட்டலத்துக்கு ஞாயிறும் வேலை. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கி வர அவனுக்கு நேரமில்லை. அன்றைக்குத்தான் அவள் முதன்முறையாகத் தானே மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். சீட்டைப் பார்த்து மூன்றையும் எடுத்து வைத்தாள். பிறகு தைராய்டு மாத்திரைப் புட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு பெரிய அளவா எழுதியிருக்காங்க? எப்படிம்மா போடறீங்க?"

"மூணையும் ஒண்ணா. காலைல பால் குடிச்சுட்டு."

அந்தப் பெண் புட்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ, ஒண்ணா போடக்கூடாதும்மா. இரும்பும் கால்சியமும் இந்த மாத்திரைய வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும். உடம்புல சேரவிடாது. பாலும் அப்படித்தான். இத வெறும் வயித்துல, வெறும் தண்ணில போடணும். மத்தது ரெண்டும் நாலு மணி நேரம் கழிச்சு. யாரும் சொல்லலியா?"

மைக்கக்கா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கல்லாப்பெட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் சோப்பு, இருமல் மருந்து எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"மாசமா இருக்கீங்களா?"

"இருந்தேன்."

கடைக்காரப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மைக்கக்கா உட்கார்ந்துவிட்டுக் கேட்டாள்.

"அதனாலதானா?"

"அத யாராலும் சொல்ல முடியாதும்மா. இப்படி நடக்க எத்தனையோ காரணம் இருக்கு. அதனாலதான்னு சொல்ல முடியாது." நிறுத்திவிட்டு, பொய் சொல்லத் தெரியாதவளாக, "இல்லன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அந்தத் தொண்ணூற்று மூன்று கவர்கள்தான் கண்ணில் நின்றன. அவளைக் காப்பாற்ற அவன் கவிழ்த்த டப்பா அது. அதில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் மறதிக்காரனாக, பொறுப்பில்லாதவனாக, ஊரில் உள்ள பத்துப் புருஷன்களைப் போல ஒருவனாக இருந்திருந்தால், அவள் பழையபடி எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கியிருப்பாள். இதை அவனிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் வாயெடுத்தாள். முதல் நாள் அவன் கணக்கெடுப்பில் களைத்து வந்தான். இரண்டாம் நாள் அவன் கவர்களில் தேதி எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து கோணிவிட்டதென்று ஒன்றை அழித்துத் திரும்ப எழுதினான். மூன்றாம் நாள் அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். அந்தச் சின்ன விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல்கள். இதைக் கேட்டால் இவன் எழுந்திருக்கமாட்டான் என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஐயோ பாவம், தியாகி என்று யாரும் அவளை உச்சிமேல் தூக்கி வைக்க வேண்டாம். அவளுக்குப் பயம், அவ்வளவுதான். இடிந்துபோன ஒருவனைத் தூக்கி நிறுத்த அவளிடம் தெம்பு இல்லை.

அதற்கப்புறம் அவள் தன் வீட்டிலேயே திருடியானாள். எல்லோரும் எழுவதற்கு முன்பு எழுந்து, அன்றைய கவரைப் பிரித்து, சின்ன மாத்திரையை மட்டும் எடுத்துத் தண்ணீரில் விழுங்குவாள். மற்ற இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டுபோய் மத்தியானம் பாஸ் பிரிவில் சாப்பிட்ட பின்பு போட்டுக்கொள்வாள். காலிக் கவர் வழக்கம்போல டப்பாவில் விழும். மாமியார் தரும் பாலை ஒரு மணி நேரம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவாள். டாக்டரம்மாவிடம் மட்டும் தனியாகப் போய், இதுவரை மூன்றையும் பாலோடு ஒன்றாகப் போட்டேன், இனிமேல் பிரித்துப் போடுகிறேன் என்றாள். டாக்டரம்மா அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்தாள். எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது.

ஆறு வாரத்தில் எண் பதினொன்று. இன்னும் எட்டு வாரத்தில் மூன்று. முகத்தின் வீக்கம் வடிந்தது. முடி உதிர்வது குறைந்தது. குரலிலிருந்த கல் கரைந்து, கேட்கிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழைய குரல் வந்தது. உடம்பு இவ்வளவு சுலபமாகத் திரும்பி வரும் என்றால், அப்போது வந்திருக்கக் கூடாதா? நன்றாக ஆக ஆக அவளுக்கு அழுகைதான் வந்தது. நோயில் மரத்துக் கிடந்த துக்கம் இப்போதுதான் கண் விழித்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் பொட்டலம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஏழு கவர்கள். பல மாதங்களுக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பு.

"பாத்தியா? மூணு. விடாம போட்டா ஏன் இறங்காது? டாக்டரம்மாகிட்ட கேப்போம். அடுத்த வருஷம் நாம..." என்று சொல்லி வெட்கப்பட்டு நிறுத்தினான்.

மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அதே மாத்திரைதானடா?"

"அதேதான்."

"அதே மாதிரி நீதானே கட்டிக் கொடுக்கற?"

"ஆமாம்மா."

"அப்போ நாற்பதுக்கு ஏறினது இப்போ எப்படி மூணுக்கு வந்துச்சு?" குரலில் சண்டை இல்லை. கிழவி நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "இப்போ போடறா, இறங்குது. அப்போ ஏறிச்சுன்னா என்ன அர்த்தம்? நான் பேசக்கூடாது. பேசல." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

பொட்டலத்தின் கை கவர்மேல் நின்றது. எல்லாம் எண்ணிப் பழகிய மனசு. ஒரே சாமான், ஒரே எண்ணிக்கை, இரண்டு விதமான முடிவு. எங்கோ ஒன்று குறைகிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான்.

"அப்போ எல்லா நாளும் போட்டியா?"

பதினான்கு வாரமாக நெஞ்சில் இருந்தது நுனி நாக்குவரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் குற்றம் அவள் தலையிலிருந்து இறங்கிவிடும். நேராகப் போய் அவன் கைகளில் விழும். அந்தக் கைகள் மேஜைமேல் விரிந்து கிடந்தன.

"சில நாள் விட்டுட்டேங்க" என்றாள்.

சொன்ன மறுகணமே, இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. நிற்கக் கூடாது என்றும் மனசு அடித்துக்கொண்டது. அப்படியானால் தொண்ணூற்று மூன்று கவரும் எப்படிக் காலியாக இருந்தது, என்று அவன் கேட்பான். கேட்காமல் இருக்க அவனால் முடியாது. கேட்டால் உண்மையைக் கொட்டிவிடுவாள். அழுதாலும் இடிந்தாலும் இரண்டு பேருமாக இடியட்டும். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாள்?" என்றான்.

"ஞாபகம் இல்ல."

அவன் தலையை ஆட்டினான். அவள் இன்னும் காத்திருந்தாள். மாமியார் கத்தியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான்தான் சொன்னேனே என்றுகூட அவள் சொல்லவில்லை. பொட்டலம் ஏழு கவர்களையும் திறந்து மாத்திரைகளை அவற்றின் புட்டிகளிலும் அட்டைப்பெட்டியிலும் திரும்பப் போட்டான். பொறுமையாக, ஒன்றும் கீழே சிந்தாமல்.

"இனிமே நீயே எடுத்துப் போட்டுக்கோ" என்றான். "நான் கட்டி என்ன ஆகப்போகுது."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் திரும்பி வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். கேட்கவில்லை. காலிக் கவர்களைப் பற்றி அந்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை. தினமும் அவன் தொழிற்சாலையிலிருந்து வரும் நேரத்துக்கு அவள் வாசலில் நின்றாள். இன்றைக்குக் கேட்பான், இன்றைக்காவது கேட்பான் என்று நின்றாள். ஒரு வாஷர் குறைந்தால் மூட்டையைக் கொட்டிக் கவிழ்க்கிறவன், தன் பெண்டாட்டி சொன்ன மூன்று வார்த்தையை எண்ணிப் பார்க்காமலே நம்பிவிட்டான்.